இலவசப் பாடமும் சனிக்கிழமைச் சம்பளமும்

(மூன்றாம் ஆண்டு பி.காம். மாணவர் ஒருவர்)

கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுவோர் திருக்குறளில் தொடங்குவது வழக்கம். வள்ளுவர் பொறுத்தருள்வார் என்ற துணிவில் நான் ஒரு சனிக்கிழமை மாலையில் தொடங்குகிறேன்.

திருப்பூரின் சனிக்கிழமை மாலை பிற ஊர்களின் சனிக்கிழமை மாலை போன்றதன்று. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வரும் வேளை அது. ஆறு நாள் ஓவர்லாக் மெஷின் முன் குனிந்திருந்த முதுகு நிமிர்வது அன்றுதான். மளிகைக் கடைப் பாக்கியும், வீட்டு வாடகையும், ஊரிலிருக்கும் தாய்க்கு அனுப்ப வேண்டிய தொகையும் அந்த மாலையை நம்பியே காத்திருக்கின்றன. டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்போரின் முகங்கள் நம் மாணவர் பலருக்குப் புதியவை அல்ல. நம்முடைய அன்னையரும் தந்தையரும் அவ்வரிசையில் நின்றவர்களே. நான் இருப்பது மட்டும் ஜன்னலுக்கு உட்புறம்.

காலையில் முதல் ஷிப்ட் வகுப்பு. பிற்பகலில் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீஸில் வேலை. வருகைப் பதிவைச் சரிபார்ப்பதும், சம்பளப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், சனிக்கிழமைதோறும் ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்து கேட்போருக்கு விடை சொல்வதும் என் கடமைகள். கம்பெனியின் பெயர் இங்குத் தேவையில்லை. அது மற்றவற்றைவிட மோசமானதுமன்று, மேலானதுமன்று. என் போன்றோர் பலர் நம் கல்லூரியில் உண்டு என்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் மனிதவள அலுவலர் எங்கள் அனைவரையும் அழைத்தார். வெளிநாட்டு பையரின் ஆடிட் வரவிருக்கிறது. அதற்குள் மனிதவளப் பிரிவிலும் சம்பளப் பிரிவிலும் உள்ள ஒவ்வொருவரும் 'பணியிடப் பண்பாடு' பற்றிய இணையவழிப் பாடம் ஒன்றை முடித்து, சான்றிதழை அச்செடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும் என்றார். "காசு ஒண்ணும் இல்லீங்க, ஃப்ரீதான். வீட்டுல போயி போன்லயே பாத்துக்கலாம்" என்று அவர் சொன்ன தொனியில், எங்களுக்கு ஏதோ போனஸ் அறிவித்துவிட்டது போன்ற மகிழ்ச்சி தெரிந்தது.

இரவு பத்து மணிக்கு மேல் மூன்று நாட்கள் அதைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இனிமையாகப் பேசினார்கள். வண்ணப் படங்கள் வந்தன. குழுவாக வேலை செய்பவர்கள் குடிநீர் எந்திரத்தின் அருகே கூடிப் பேசினால் நட்புறவு வளரும் என்று ஒரு பாடம் கூறியது. உங்கள் கீழ் வேலை செய்பவரை வாரம் ஒரு முறை காபிக்கு அழைத்துச் சென்று மனம் விட்டுப் பேசுங்கள் என்று மற்றொன்று அறிவுறுத்தியது. எங்கள் கம்பெனியில் மாலை டீக்குப் பத்து நிமிடம். அதில் ஏழு நிமிடம் வரிசையில் போய்விடும். மீதி மூன்று நிமிடத்தில் பன்னை நனைத்து விழுங்குவதா, மனம் விட்டுப் பேசுவதா? பாடத்தை எழுதியவர் எந்த நாட்டு அலுவலகத்தை மனத்தில் வைத்து எழுதினாரோ, அந்த நாட்டில் அது சரியாகவே இருக்கும். என்னுடன் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே சென்று, இறுதித் தேர்வில் விடைகளை ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்று, சான்றிதழை எடுத்துக் கொண்டார்கள். ஆடிட் நல்லபடியாக முடிந்தது.

இதோடு நின்றிருந்தால் இக்கட்டுரை வெறும் கேலியாகவே முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பாடத்தின் நடுவே பத்து நிமிடப் பகுதி ஒன்று இருந்தது. ஒருவர் குறை சொல்ல வந்தால் உடனே விளக்கம் சொல்லத் தொடங்காதே. முதலில் என்ன நடந்தது என்று கேள். அவர் சொன்னதை உன் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரியா என்று உறுதி செய்துகொள். அதற்குப் பிறகு விளக்கு. இவ்வளவுதான். பெரிய தத்துவமொன்றும் இல்லை. ஆனால் அதைப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அதற்கு முந்தைய சனிக்கிழமை நடந்த ஒன்று.

ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருவர் அன்று ஜன்னலுக்கு வந்தார். "அண்ணா, ரெண்டு நாள் காசு இல்லே" என்றார். நான் திரையைப் பார்த்தேன். செவ்வாயும் புதனும் பதிவு இல்லை. "மெஷின்ல இல்லீங்க. பதிவு இல்லாம நான் என்ன பண்றது?" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். நான் அடுத்தவரைப் பார்த்தேன். அவர் போய்விட்டார். நான் பொய் சொல்லவில்லை, கடுஞ்சொல் கூறவில்லை, கையை நீட்டி விரட்டவுமில்லை. ஆயினும் இரண்டு நாள் உழைப்பை ஒரு வாக்கியத்தில் இல்லையென்று ஆக்கிவிட்டேன்.

பாடம் பார்த்த பிறகு வந்த திங்கட்கிழமை டீ நேரத்தில் அவரைத் தேடிச் சென்று கேட்டேன். இந்தி தெரிந்த கட்டிங் பிரிவுத் தம்பி ஒருவன் மொழிபெயர்த்தான். ஓவர்லாக் ஊசி அவரது வலக்கை ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது, பிளாஸ்திரி போட்டிருந்தார், அதனால் விரல்ரேகை மெஷின் அவரை ஏற்கவில்லை. ஆனால் இரண்டு நாளும் அவர் வேலைக்கு வந்து, காயம்பட்ட விரலோடு பீஸ் தைத்திருக்கிறார். லைன் சூப்பர்வைசரின் நோட்டில் அவர் தைத்த எண்ணிக்கை இருக்கிறது! ஒரு கேள்வி கேட்டிருந்தால் சனிக்கிழமையே தெரிந்திருக்கும்.

தெரிந்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் இக்கட்டுரைக்கு முக்கியம். அவருக்கு உடனே பணம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. சூப்பர்வைசர் எழுதித் தர வேண்டும். ஃப்ளோர் மேனேஜர் கையெழுத்திட வேண்டும். மனிதவள அலுவலர் அனுமதிக்க வேண்டும். பிறகுதான் நான் பட்டியலில் ஏற்றலாம். சூப்பர்வைசர், "பஞ்ச் பண்ணாதது அந்தப் புள்ளையோட தப்பு தம்பி" என்றார். மேனேஜர் ஷிப்மெண்ட் அவசரத்தில் இருந்தார். மூன்றாவது சனிக்கிழமைதான் அந்தப் பணம் வந்தது. வாரக் கூலி வார விடுமுறைக்கு முன்னால், அவ்வாரத்தின் கடைசி வேலை நாளிலேயே கொடுக்கப்பட வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் சொல்கிறது. 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்கும் ஜன்னலுக்கும் இடையே மூன்று கையெழுத்துகள் நின்றன.

பணியிடப் பண்பாடு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் புன்னகை, நட்பு, ஊக்கம், குழு மனப்பான்மை என்று பேசுகிறார்கள். இவை வேண்டாம் என்று எவர் சொல்வார்? ஆயினும் கூலிக்கு உழைப்பவர் தம் கம்பெனியின் பண்பாட்டை முதலில் படிப்பது சம்பளச் சீட்டில்தான். ஓவர்டைம் சரியாக ஏறியிருக்கிறதா, பிடித்தம் ஏன் என்று சொல்லியிருக்கிறதா, பெயராவது பிழையின்றி இருக்கிறதா என்றுதான் அவர் பார்க்கிறார். ஆகவே சம்பளப் பட்டியல் தயாரிக்கும் குமாஸ்தா, தாம் அறிந்தோ அறியாமலோ, அந்த இடத்தின் பண்பாட்டை வாராவாரம் எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பயிற்சி கொடுப்பது வீண் என்று சொல்வோருடன் நான் உடன்படவில்லை.

பெயர்ப் பிழையைச் சிறு பிழையென நினைப்போர் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின் முன் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். ஆதாரில் 'செல்வி' என்றும், எங்கள் பட்டியலில் 'செல்வி எம்' என்றும், வங்கியில் 'எம். செல்வி' என்றும் இருந்தால், தன் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடித்த 12 விழுக்காட்டைத் திரும்பப் பெறுவதற்கு அந்தப் பெண் அலைய வேண்டிய அலைச்சல் சொல்லி மாளாது. நம் இனிஷியல் முறையையே புரிந்துகொள்ளாத படிவங்கள் ஒரு பக்கம். பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருவோரின் பெயர்களைக் காதில் விழுந்தபடி தட்டிவிடும் நாங்கள் மறுபக்கம். பிறந்த தேதி தெரியாதவர்க்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டுவிடும் பழக்கமும் உண்டு. வேலைக்குச் சேரும் நாளில் இரண்டு நிமிடம் செலவிட்டு ஆதாரைப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது, நான் அறிந்தவரை, ஆண்டு விழாவில் கேக் வெட்டுவதைவிட உயர்ந்த பண்பாடு. எந்த இலவசப் பாடத்திலும் இதை நான் காணவில்லை.

இந்தக் குமாஸ்தாக்களை இதுவரை எவரும் பொருட்படுத்தவில்லை என்பதே உண்மை. வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1918 ஏப்ரலில் சென்னை தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றோர் முன்னின்ற அச்சங்கம், பெரம்பூர் பக்கிங்காம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளரின் குறைகளிலிருந்து பிறந்தது. மதிய உணவுக்குக் கிடைத்த இடைவேளை போதவில்லை என்பது அக்குறைகளுள் ஒன்று. இன்றைய சொல்லில் கூறினால், அதுவும் பணியிடப் பண்பாட்டுக் கோரிக்கையே அல்லவா? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் தொழிலாளர் நல அலுவலரை அமர்த்த வேண்டும் என்றது. அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. அத்தகைய அலுவலர்களை உருவாக்கச் சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் 1973 முதல் இயங்கி வருகிறது. ஆக, நல அலுவலருக்குச் சட்டமும் உண்டு, படிப்பும் உண்டு, பட்டமும் உண்டு. ஆனால் தொழிலாளி முதலில் வந்து நிற்பது அவர் அறையிலா? இல்லை. பி.காம். படித்தோ, படித்துக்கொண்டோ ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஒரு பையனிடத்தில். அவனுக்கு டேலியும் எக்செலும் கற்றுக் கொடுத்தார்கள். மனிதரோடு பேசக் கற்றுக் கொடுத்தவர் எவருமில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப இணையவழி இலவசப் பாடங்கள் வந்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். மைய அரசின் ஸ்வயம் தளம் 2017 முதல் செயல்படுகிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் மனிதவள மேலாண்மையும் உண்டு. பார்ப்பதற்குக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். அரசு ஊழியருக்கென 2020இல் ஒப்புதல் பெற்ற கர்மயோகி திட்டத்தின் இணையதளம் இருக்கிறது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006 முதல் தன் பாடங்களில் ஒரு பகுதியை உலகோர்க்கு இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நம் மாநிலத்தின் 'நான் முதல்வன்' திட்டத்தைப் பற்றி இம்மலரைப் படிப்போர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் வகுப்புகளில் அமர்ந்தவர்கள்தாம் நாம். ஒரு காலத்தில் பெருநகரத்தில் பெருந்தொகை கட்டிப் படிக்க வேண்டியிருந்ததை இன்று பல்லடம் பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்கலாம். இது சிறிய மாற்றமன்று.

ஆயினும் 'இலவசம்' என்ற சொல்லை நாம் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வணிகவியல் மாணவர்க்கு ஒன்று தெரியும்: கணக்கில் வராத செலவு செலவே அன்று என்று எந்த ஆசிரியரும் நமக்குக் கற்பிக்கவில்லை. என்னுடன் வேலை செய்யும் அக்கா ஒருவர், இரண்டு குழந்தைகளின் தாய், அந்தப் பாடத்தை முடிக்க நான்கு இரவுகள் எடுத்துக்கொண்டார். குழந்தைகளை உறங்க வைத்து, பாத்திரம் கழுவி முடித்த பின் கிடைத்த இரவுகள் அவை. கம்பெனிக்கு அது இலவசம். அவருக்கு அது நான்கு இரவுத் தூக்கம். கம்பெனிக்காகக் கற்கும் பாடம் கம்பெனி நேரத்தில், கம்பெனிக் கம்ப்யூட்டரில், சம்பளத்தோடு நடைபெற வேண்டும். இல்லையேல் அது சம்பளமில்லாத ஓவர்டைம். ஊழியர் நலனைப் பற்றிய பாடத்தையே ஊழியரின் உறக்கத்தை எடுத்து நடத்துவது எத்தகைய பண்பாடு?

அடுத்தது மொழி. என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புகள் வந்திருக்கின்றன. நல்ல தொடக்கம். ஆனால் பணியிடப் பண்பாடு என்பது பொறியியல் சூத்திரம் போன்றதன்று. அது முழுக்க முழுக்கப் பேச்சு. கொங்கு நாட்டில் 'ங்க' சேர்த்துப் பேசுவதும் சேர்க்காமல் பேசுவதும் இருவேறு உலகங்கள். வயதில் மூத்த தொழிலாளியை 'வா, போ' என்றும், வடமாநிலத்தாரை ஒட்டுமொத்தமாக 'இந்திக்காரன்' என்றும் அழைக்கும் இடத்தில், மரியாதை என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் எப்படிக் கற்பிப்பது? ஆங்கிலத்தில் எல்லோரும் ஒரே 'யூ'தான். நம் சிக்கலே அந்தச் சொல்லில் மறைந்துவிடுகிறது. தமிழில் பாடம் வேண்டுமென்று நான் கேட்பது மொழிப்பற்றினால் மட்டுமன்று. எங்கள் தவறுகள் தமிழில்தான் நடக்கின்றன.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுதான் என் உள்ளத்தை அதிகம் உறுத்துவது. பயிற்சி பெற்றவனுக்கு அதிகாரம் இல்லையெனில் பயிற்சியினால் விளைவதென்ன? கேட்கக் கற்றுக்கொண்டேன்; கேட்டேன்; கேட்டதை வைத்துக்கொண்டு மூன்று வாரம் அலைந்தேன். அந்த மூன்று வாரமும் ஒடிசாப் பெண் என்னைப் பார்த்த பார்வை, முதல் சனிக்கிழமை பார்த்த பார்வையைவிட வேதனை தந்தது. முதலில் நான் கேளாதவன். பின்பு கேட்டும் செய்யாதவன்.

இதே கேள்வி இன்னும் கொடிய வடிவில் எழுந்ததுண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் மீது வழக்குப் பதிவாயிற்று. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. அதற்கு வழிகோலிய விசாகா தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1997இலேயே வழங்கியது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் பெண் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். ஊழியர்க்கு விழிப்புணர்வுப் பயிற்சிகள் நடத்தியாக வேண்டும் என்பது அச்சட்டம். எத்தனை கோப்புகளில் எத்தனை வருகைக் கையெழுத்துகள் இருந்திருக்கும்! தொழிலாளரும் அவர்தம் சங்கமும் போராடிய பின், 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தாயிற்று. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் அதில் ஒரு தரப்பு. நிர்வாகமும், வெளிநாட்டு பையர்களும், உலகளாவிய தொழிலாளர் அமைப்புகளும் மறு தரப்புகள். அதிலும் பயிற்சி உண்டு. ஆனால் அங்கே பயிற்சி தனித்து நிற்கவில்லை. தையல் லைனில் வேலை செய்யும் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். தொல்லை நேர்ந்தால் அதை எடுத்துரைக்க அவர்களுக்கு உரிமையும், எடுத்துரைத்ததற்காகப் பழிவாங்கப்படாமல் இருக்கப் பாதுகாப்பும் எழுத்தில் தரப்பட்டன. நிர்வாகம் மீறினால் பையரின் ஆர்டரே ஆட்டங்காணும் என்ற பிடியும் இருந்தது. நான் முடித்த பாடத்துக்கும் அந்தப் பயிற்சிக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே. எனக்குக் கிடைத்தது அறிவுரை. அவர்களுக்குக் கிடைத்தது பொறுப்பு.

எங்கள் கம்பெனியிலும் உள்ளகப் புகார்க் குழுவின் பெயர்ப் பலகை இருக்கிறது. அதிலுள்ள பெயர்களுள் ஒருவர் வேலையை விட்டுச் சென்று பல மாதங்கள் ஆகின்றன. அவருடைய கடைசிக் கணக்கை முடித்துக் கொடுத்தவனே நான்தான். ஆயினும் பலகையை மாற்றச் சொல்ல வேண்டும் என்பது இக்கட்டுரையை எழுத அமர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"முதலாளி மனம் வைத்தால் நடக்கும், இல்லாவிட்டால் ஆயிரம் பாடம் படித்தும் பயனில்லை" என்று நண்பர்கள் சிலர் என்னிடம் வாதிட்டார்கள். இதில் பாதி உண்மை. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்து, கடை ஊழியர்க்கு அமர இருக்கை தர வேண்டும் என்று ஆன கதையை எண்ணிப் பாருங்கள். கேரளம் அதற்கு முன்பே 2018இல் அதைச் செய்தது. பெரிய ஜவுளிக் கடைகளில் பெண்கள் நாள் முழுவதும் நின்று கால் வீங்கியது எந்த முதலாளிக்கும் தெரியாததா? தெரியும். சட்டம்தான் ஸ்டூலைக் கொண்டு வந்தது. ஆனால் மறுபாதியையும் சொல்ல வேண்டும். ஸ்டூல் வந்த பிறகும், 'உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பாரே' என்று அமராமல் நிற்போரை எந்தச் சட்டம் அமர்த்தும்? அந்தச் சூப்பர்வைசரின் பார்வை மாற வேண்டும். அதற்குத்தான் பயிற்சி. ஆகவே முதலில் பாடம் படிக்க வேண்டியவர் யார் என்ற வரிசையை மாற்ற வேண்டும் என்கிறேன். எங்கள் கம்பெனியில் குமாஸ்தாக்கள் அனைவரும் சான்றிதழ் பெற்றோம். சூப்பர்வைசர்கள் எவருக்கும் அந்தப் பாடம் இல்லை. மேனேஜர்களுக்கு நேரமில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் வணிகவியல் துறையிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறுவோரில் எத்தனை பேர் சம்பளப் பிரிவுகளில் அமர்கிறோம் என்பது தாங்கள் அறிந்ததே. சம்பளப் பட்டியல் தயாரிப்பதைத் தேர்வுக்குப் படிக்கிறோம். பிடித்தங்களை மனப்பாடம் செய்கிறோம். தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக்கு ஊழியர் பங்கு 0.75 விழுக்காடு என்று எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அந்த 0.75 விழுக்காட்டினால் தமக்கு எந்த மருத்துவமனையில் என்ன கிடைக்கும் என்று ஒரு தொழிலாளி கேட்டால் விழிக்கிறோம். தமிழ்த் துறையும் வணிகவியல் துறையும் சேர்ந்து, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் மாணவர்களையும் உடன் வைத்துக்கொண்டு, பத்துச் சிறு ஒலிப்பாடங்களைத் தமிழில் தயாரிக்கலாம் என்பது என் எண்ணம். ஒன்று பத்து நிமிடம் போதும். பிடித்தத்தை விளக்குவது எப்படி. பெயரைச் சரிபார்ப்பது எப்படி. ஒருவர் அழுதுகொண்டே வந்தால் முதலில் என்ன சொல்வது. வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை இரண்டு வேலை நாட்களுக்குள் முடிக்கச் சட்டம் சொல்கிறதே, அதை மேனேஜரிடம் எப்படி எடுத்துச் சொல்வது. கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கடினமான பாடமாக இருக்கும். கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் பதிவு செய்யலாம். இந்தியில் மொழிபெயர்க்க நம் கல்லூரிக்கு வெளியே ஆட்களைத் தேட வேண்டியதில்லை. வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இவ்வூர்ப் பள்ளிகளில் தமிழ் வழியிலேயே படித்துத் தேறி வருகிறார்கள், சில ஆண்டுகளில் நம் பெஞ்சுகளிலும் அமர்வார்கள்.

இது நடைபெறும் வரை நானும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண்ணின் சிக்கலுக்குப் பின், எங்கள் மனிதவள அலுவலரிடம் ஒன்று கேட்டேன். அவர் சிறிது யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அவரும் நல்லவர்தான், அவருக்கும் மேலே கையெழுத்துகள் இருக்கின்றன. இப்போது எங்கள் கம்பெனியில் சேருவோர் ஒவ்வொருவருக்கும் இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு விரல்களை மெஷினில் பதிவு செய்கிறோம். நான்கு விரலும் காயம்பட்டால் என்ன செய்வது என்று ஒரு வயதான டைலர் கேட்டார். அதற்கு, சூப்பர்வைசர் அன்றைக்கே எழுதித் தர வேண்டும் என்று ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். நோட்டு டைம் ஆபீஸ் ஜன்னலில் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. சூப்பர்வைசர்களில் மூவர் எழுதுகிறார்கள். இருவர் இன்னும் எழுதுவதில்லை.